காத்து நிற்கும் வொர்க்கர்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்குக்கு நான் எழுதிக் கொடுத்த எடைக் கணக்குச் செயலி, ஒரு வாரம் முழுக்க பிளாஸ்டிக் சாக்கைச் சணல் சாக்கென்றே நம்பிக்கொண்டிருந்தது. சணல் சாக்கு கனமானது, அதற்குக் கழிக்கும் எடையும் அதிகம். வயநாட்டுச் சரக்கு பிளாஸ்டிக் சாக்குக்கு மாறியதும், புதுக் கழிவைச் சேர்த்து ஒரு பதிப்பை ஏற்றினேன். என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன், கணக்கு சரி. கிடங்கின் கணக்குப்பிள்ளை போனில் மட்டும் பழைய கழிவு. மூட்டைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. நூறு மூட்டை இறங்கினால் ஐம்பது கிலோ மிளகு சீட்டில் காணாமல் போகும். விற்றவர் சும்மா இருப்பாரா?

கணக்குப்பிள்ளை போடிநாயக்கனூர்க்காரர். ஏலக்காயில் தொடங்கி மிளகுக்கு வந்தவர்.

"அண்ணே, ஒருதரம் ரீலோட் பண்ணிப் பாருங்க."

"காலையிலேருந்து நாலு தரம் பண்ணிட்டேன் தம்பி. உங்க பெட்டியில சரியா இருக்குங்கிறீங்க. சரக்கு இறங்குறது உங்க பெட்டியிலயா, இங்கயா?"

பிடபிள்யூஏ என்று சுருக்கிச் சொல்லப்படும் புரோகிரசிவ் வெப் ஆப்களில் பிழை தேடுவதற்கு, உலாவிக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸ் (சுருக்கமாக டெவ்டூல்ஸ்) எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகளில் குறை என்று பார்த்தால் அதிகமில்லை. ஆனால் திறந்து வைத்த மாத்திரத்தில், பார்க்கப்படும் பொருளையே மாற்றிவிடும் குணம் இவற்றுக்கு உண்டு. பிடபிள்யூஏவின் பிழைகளோ பெரும்பாலும் காலத்தில் ஒளிந்திருப்பவை: நேற்றைய பதிப்புக்கும் இன்றைய பதிப்புக்கும் இடையில், சிக்னல் இருந்த நிமிடத்துக்கும் போன நிமிடத்துக்கும் இடையில். டெவ்டூல்ஸ் காட்டுவது இந்த நொடியை. அந்த இடைவெளியில்தான் கணக்குப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2015-ல் பிரான்சிஸ் பெரிமனும் அலெக்ஸ் ரஸ்ஸலும் சேர்ந்து வைத்த பெயர் புரோகிரசிவ் வெப் ஆப். இணையப் பக்கம்தான், ஆனால் போனின் முகப்பில் ஐகானாக உட்காரும், சிக்னல் இல்லாதபோதும் திறக்கும், அறிவிப்பு அனுப்பும். இதற்கு உயிர் கொடுப்பது சர்வீஸ் வொர்க்கர் என்ற தனிக் கோப்பு. பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் கிடங்கு மேஸ்திரி போல நிற்கும். பக்கம் எதைக் கேட்டாலும் முதலில் இதனிடம்தான் கேட்க வேண்டும். கையிருப்பில் இருந்தால் எடுத்துக் கொடுக்கும், இல்லையென்றால் வெளியே ஆள் அனுப்பும். குரோம் 2015 தொடக்கத்தில் இதைக் கொண்டுவந்தது, பயர்பாக்ஸ் 2016-ல். ஆப்பிள் 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-ல்தான் இறங்கி வந்தது.

இந்தியாவுக்கு இதில் சின்னப் பங்கல்ல. 2015-ன் முற்பகுதியில் பிளிப்கார்ட் தன் மொபைல் இணையதளத்தை மூடி, எல்லோரையும் ஆப்புக்குத் துரத்தியது. அதே ஆண்டு நவம்பரில் பிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் இணையத்துக்கே திரும்பி வந்தது. உலகளவில் பெரிய நிறுவனம் ஒன்று முழுமூச்சாக இறங்கிய முதல் பிடபிள்யூஏக்களில் அது ஒன்று. வந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் 2ஜியில் வந்தவர்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. மலிவு போனும் மெலிந்த சிக்னலும் உள்ள ஊருக்கென்றே பிறந்தது போன்ற தொழில்நுட்பம். அதைச் சோதிப்பவர்கள் மட்டும் பெரும்பாலும் நல்ல கணினியும் நல்ல வைஃபையும் உள்ளவர்கள். முரண் அங்கேயே தொடங்குகிறது.

சர்வீஸ் வொர்க்கருக்கு முன் ஆப்கேஷ் என்று ஒன்று இருந்தது. ஒரு பட்டியல் கோப்பில் வேண்டிய கோப்புகளை எழுதிவைத்தால் உலாவி சேமித்துக்கொள்ளும். அது எப்படியெல்லாம் காலை வாரும் என்று ஜேக் ஆர்ச்சிபால்ட் 2012-ல் வசவுச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து எழுதிய கட்டுரை இன்னும் நினைவுகூரப்படுகிறது. ஆப்கேஷ் தானாக முடிவெடுத்தது, நிரலாளரைக் கேட்கவில்லை. அதற்கு மாற்றாக வந்த சர்வீஸ் வொர்க்கர் எல்லா முடிவையும் நிரலாளர் தலையில் கட்டியது. சுதந்திரம் வந்தது. நம் ஊர் வழக்கப்படி பொறுப்பும் பின்னாலேயே வந்தது.

இனி, அந்த ஒரு வாரத் தொல்லைக்குக் காரணம் என்று நான் முதலில் நினைத்தது. புதிய வொர்க்கர் கோப்பு சர்வரில் ஏறியதும் உலாவி அதைப் பழையதோடு பைட் பைட்டாக ஒப்பிடும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் புதியதை நிறுவத் தொடங்கும். நிறுவி முடித்தாலும் உடனே நாற்காலியில் உட்கார விடாது. பழைய வொர்க்கரின் பொறுப்பில் திறந்திருக்கும் கடைசிப் பக்கமும் மூடப்படும்வரை புதியது வெளியே காத்து நிற்கும். வெயிட்டிங் என்பது அந்த நிலையின் பெயர். ரீலோட் செய்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்போம், போதாது. ரீலோட்டின்போது பழைய பக்கம் விலகுவதற்குள் அதே ஆளின் பொறுப்பில் புதுப் பக்கம் வந்துவிடுகிறது. நாற்காலி காலியாகும் கணமே வருவதில்லை. நாலு தரம் என்ன, நானூறு தரம் ரீலோட் செய்தாலும் அவ்வளவுதான்.

இப்படி ஏன் வைத்தார்கள் என்றால் காரணம் நியாயமானது. பாதிப் பக்கம் பழைய நிரலிலும் மீதி புதிய நிரலிலும் ஓடினால் கணக்கே குழம்பும். ஸ்கிப்வெயிட்டிங் என்று ஒரு வரி எழுதிவிட்டால் புதியவர் காத்திருக்காமல் உள்ளே நுழைந்துவிடலாம். நுழைந்தபின் பழைய பக்கம் தனக்கு வேண்டிய ஏதோ ஒரு துண்டுக் கோப்பைக் கேட்கும், புதியவர் அதை ஏற்கெனவே துடைத்தெறிந்திருப்பார், திரை வெளுத்துப் போகும். சாக்கு எடையில் ஐம்பது கிலோ போவதா, லாரி வாசலில் நிற்கும்போது திரை வெளுப்பதா? இரண்டில் எது வேண்டுமென்று கிடங்குக்காரரைக் கேட்டால் என்னைத்தான் வெளியே அனுப்புவார்.

இந்த நிலைகளைப் பார்க்கவென்றே குரோமில் அப்ளிகேஷன் பேனல் இருக்கிறது. கருவிகளின் வம்சாவளியில் இது பின்னால் பிறந்தது. அலெர்ட் பெட்டி போட்டு மாறியின் மதிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 2006-ல் ஜோ ஹியூவிட் பயர்பக் என்ற கருவியைக் கொடுத்தார். பக்கத்தின் உடம்பைக் கிழித்துக் காட்டியது அது. 2017-ல் ஓய்வு பெற்றபோது அதன் வேலைகள் எல்லா உலாவிகளுக்குள்ளும் குடியேறியிருந்தன. ஆனால் பயர்பக் பரம்பரை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது: பக்கம் ஒன்று, அதன் ஆயுள் ரீலோட் வரை. சர்வீஸ் வொர்க்கர் பக்கம் மூடியபின்னும் இருக்கும், போனை அணைத்துப் போட்டாலும் நிறுவப்பட்டபடியே இருக்கும். அதற்காக, 2016-ல் பழைய ரிசோர்சஸ் பேனலைப் பெயர்மாற்றி அப்ளிகேஷன் என்று ஆக்கினார்கள். மேனிஃபெஸ்ட், சர்வீஸ் வொர்க்கர்கள், கேஷ் ஸ்டோரேஜ், இன்டெக்ஸ்டுடிபி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன.

அந்தப் பேனலில் சர்வீஸ் வொர்க்கர் பகுதியைத் திறந்தால் உச்சியில் மூன்று சதுரங்கள். ஆஃப்லைன், அப்டேட் ஆன் ரீலோட், பைபாஸ் ஃபார் நெட்வொர்க். கீழே வொர்க்கரின் பெயர், எப்போது வந்தது, பச்சைப் புள்ளியோடு ஓடுகிறதா, ஆரஞ்சுப் புள்ளியோடு காத்திருக்கிறதா என்ற நிலை. ஓரத்தில் அப்டேட், அன்ரெஜிஸ்டர். எளிமையான திரைதான். என் அனுபவத்தில், ஏற்றி முடித்தபின் வெளிப்படும் பிழைகளில் பாதிக்கு இந்த மூன்று சதுரங்களே காரணம்.

அப்டேட் ஆன் ரீலோட் டிக் செய்திருந்தால், ஒவ்வொரு ரீலோட்டிலும் வொர்க்கரைப் புதிதாகக் கொண்டுவந்து, காத்திருக்கவிடாமல் நேரே நாற்காலியில் உட்காரவைக்கும். நிரல் எழுதும்போது இது சுகம். ஆனால் வெயிட்டிங் என்ற நிலையே அந்தக் கணினியில் நிகழாது. மாதக்கணக்கில் எழுதி, ஒருமுறைகூட அதைக் கண்ணால் பார்க்காமல், வாடிக்கையாளர் போனில்தான் முதன்முதலில் சந்திக்கிறோம். பைபாஸ் இன்னும் மோசம், வொர்க்கரையே தாண்டிப் போய் இணையத்திலிருந்து எடுத்துவரும். அன்று என் மடிக்கணினியில் கணக்கு சரியாக வந்ததன் ரகசியம் அதுதான். முந்தைய வாரம் வேறெதற்கோ போட்ட டிக்கை எடுக்க மறந்திருந்தேன். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீலோட் செய்தாலும் இதே கதை, அந்தப் பக்கம் வொர்க்கர் இல்லாத பக்கமாகவே வரும். "ஷிஃப்ட் ரீலோட் பண்ணேன், சரியாயிருச்சு" என்று ஒரு நிரலாளர் சொன்னால், சரியானதாக அர்த்தமில்லை. மேஸ்திரிக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகச் சரக்கெடுத்தார் என்று அர்த்தம்.

நெட்வொர்க் பேனலில் டிஸேபிள் கேஷ் என்று இன்னொரு சதுரம். அது ஒதுக்குவது உலாவியின் வழக்கமான எச்டிடிபி கேஷை மட்டும், வொர்க்கர் தன் கையால் நிரப்பிய கேஷ் ஸ்டோரேஜ் தொடப்படாமல் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் கேஷ் என்று ஒரே பெயர் வைத்தவர்களைப் பல இரவுகள் திட்டியிருக்கிறேன். இந்த விஷயத்தில் பயர்பாக்ஸ் நேர்மையானது. எச்டிடிபி கேஷ் என்று தெளிவாக எழுதி, கருவிப்பெட்டி திறந்திருக்கும்போது மட்டும் என்ற எச்சரிக்கையையும் பக்கத்திலேயே சேர்த்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது வேறொன்று. வேலையில்லாமல் ஏறத்தாழ 30 விநாடி சும்மா இருந்தால் குரோம் வொர்க்கரை உறங்கவைத்துவிடும். அடுத்த வேலை வந்ததும் புதிதாக எழுப்பும். எழும்போது அதன் மாறிகள் எல்லாம் வெறுமை, முன்பு மனத்தில் வைத்திருந்தது எதுவும் இருக்காது. ஆனால் டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்வரை அது உறங்குவதே இல்லை. ஆரம்ப நாட்களில், சிக்னல் வரும்வரை அனுப்பாத எடைகளை வொர்க்கருக்குள்ளேயே ஒரு வரிசையில் வைத்திருந்தேன். மணிக்கணக்கில் சோதித்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. கருவியை மூடி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வரிசை காலி. மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் ரத்த அழுத்தம் ஏறுபவர்களைப் பற்றிச் சொல்வார்களே, அதுபோல இங்கே பார்ப்பவர் இருக்கும்வரை விழித்திருக்கும் ஆள். நிலைக்குப் பக்கத்தில் ஸ்டாப் என்றொரு சிறிய இணைப்பு உண்டு. பலர் அதைத் தொட்டதே இல்லை. வேண்டுமென்றே அதை அழுத்தி அழுத்தி வொர்க்கரைக் கொன்று பார்ப்பதுதான் இந்தப் பேனலில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை என்பேன்.

இனி சிக்னல். பஜார் ரோட்டின் பழைய கிடங்குகளின் வெட்டுகல் சுவர்கள் கைமுழம் தடிமன். மிளகு மூட்டைகள் அட்டி அட்டியாக அடுக்கியிருக்கும் உள்ளறையில் போனில் இரண்டு கோடு காட்டும், எதுவும் வராது. கொச்சி பினாலே கலைக்கண்காட்சி நடக்கும் மாதங்களில் ஆனந்த் வேர்ஹவுஸ் போன்ற இடங்களுக்குள் கியூஆர் குறியைக் காட்டிவிட்டு, படம் விரியக் காத்து, கடைசியில் வாசலுக்கு நடந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இணைப்பே இல்லை என்றால் போன் உடனே தோல்வியைச் சொல்லிவிடும், வொர்க்கர் கையிருப்பை எடுத்துத் தரும். இணைப்பு இருப்பதுபோல் நடிக்கும்போதுதான் ஆபத்து. நிரலாளர்கள் வட்டாரத்தில் இதற்கு லை-ஃபை என்று ஒரு கேலிப்பெயர் உண்டு, பொய்யான வைஃபை. நேவிகேட்டர் ஆன்லைன் என்ற சோதனை அப்போதும் ஆம் என்றே சொல்லும். ஏதோ ஒரு வலையோடு தொடர்பு இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும், அந்த வலைக்கு வெளியே உலகம் இருக்கிறதா என்பது தெரியாது.

டெவ்டூல்ஸின் ஆஃப்லைன் சதுரம் சுத்தமான இருட்டைத்தான் காட்டும். 3ஜி, மெதுவான 4ஜி என்று வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு, ஆனால் அது ஒவ்வொரு கோரிக்கையையும் தாமதப்படுத்துகிறதே தவிர, வழியில் பாக்கெட்டுகள் தொலைவதையும் இணைப்பு பாதியில் தொங்குவதையும் அசலாக நடிப்பதில்லை. மட்டாஞ்சேரியில் 2025 அக்டோபரில் திறந்த வாட்டர் மெட்ரோ முனையத்தில் படகேறி வில்லிங்டன் தீவுக்குப் போகும் வழியில், செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சிக்னல் கோபுரத்துக்குக் கோபுரம் கைமாறும் அந்தச் சில நிமிடங்கள் காட்டிய பிழைகளை எந்தச் சதுரமும் காட்டியதில்லை. கடைசியில் செய்த மாற்றம் ஒரு வரிதான்: மூன்று விநாடியில் பதில் வராவிட்டால் காத்திருக்காமல் கையிருப்பை எடு.

இனி சாக்குக் கழிவு வழக்குக்குத் திரும்புவோம். வெயிட்டிங்தான் காரணம் என்று முடிவுகட்டி, கணக்குப்பிள்ளையை எல்லாவற்றையும் மூடித் திறக்கச் சொன்னேன். போனையே அணைத்து எடுத்தார். அப்போதும் பழைய கழிவு. வேறு வழியின்றி மடிக்கணினியோடு கிடங்குக்குப் போனேன்.

ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, கணினியின் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால், போனில் ஓடும் பக்கத்தின் டெவ்டூல்ஸ் கணினியில் விரியும். முன்னேற்பாடாக, போனின் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு தரம் தட்ட வேண்டும். அப்போதுதான் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வாய் திறக்கும். பிறகு யுஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, திரையில் வரும் அனுமதிக் கேள்விக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்தும் போன் தெரியவில்லையென்றால், அநேகமாக அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். கணக்குப்பிள்ளை மேசையில் கிடந்த மூன்றில் இரண்டு அப்படிப்பட்டவை.

"ஏழு தரம் எதுக்குத் தம்பி தட்டுறீங்க, மந்திரமா?"

மூட்டை மேல் மடிக்கணினியை வைத்து அப்ளிகேஷன் பேனலைத் திறந்தேன். பழைய வொர்க்கர் பச்சைப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சைக் காணோம். காத்து நிற்பவரே இல்லை! அப்டேட்டை அழுத்தினேன். நிறுவ முயல்கிறது என்று ஒரு வரி மின்னி மறைந்தது. கன்சோலில் சிவப்பெழுத்து: ஆட்ஆல் தோற்றது, கோரிக்கை தோல்வி. எந்தக் கோரிக்கை என்று சொல்லாது. ஆட்ஆல் என்பது சேமிக்க வேண்டிய கோப்புகளை மொத்தமாக எடுத்துவரும் கட்டளை. ஐம்பதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் மொத்தத்தையும் கைவிட்டுவிடும், புதிய வொர்க்கர் பிறக்கும் முன்பே செத்துவிடும். பழையவர் ஒன்றும் அறியாமல் வேலையைத் தொடர்வார்.

நெட்வொர்க் பேனலில் வொர்க்கர் தானே கேட்கும் கோரிக்கைகளின் பக்கத்தில் ஒரு பற்சக்கரக் குறி இருக்கும். அந்தக் குறியோடு வந்த வரிசையைத் தேடிக்கொண்டே போனேன். ஒரே ஒரு 404, கோப்பு இல்லை என்ற பதில். பிளாஸ்டிக் சாக்கின் சிறு படம், அச்சிடும் சீட்டில் மட்டும் வருவது. பட்டியலில் சின்ன எழுத்தில் தொடங்கும் பெயர், கோப்புக்கு வைத்ததோ பெரிய எழுத்து. என் மடிக்கணினியின் விண்டோஸ் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொண்டது. லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு. ஒரு எழுத்து, ஒரு வாரம்.

சிவப்பைப் பார்த்த பதற்றத்தில் என் விரல் கிளியர் சைட் டேட்டா பொத்தானுக்குப் போனது. கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் செயலி தகராறு செய்தால் முதலில் சொல்லப்படும் வைத்தியம் அதுதானே, எல்லாத்தையும் கிளியர் பண்ணுங்க. நல்லவேளை, அதற்குள் இன்டெக்ஸ்டுடிபி என்ற உலாவித் தரவுத்தளத்தை விரித்துப் பார்த்தேன். சர்வருக்கு இன்னும் போகாத பதினேழு எடைகள் அதற்குள் இருந்தன. அந்தப் பொத்தான் வொர்க்கர், கேஷ் ஆகியவற்றோடு அவற்றையும் சேர்த்துத்தான் துடைத்திருக்கும். பதினேழு மூட்டைச் சரக்கு, அதில் ஐந்தாறு எம்ஜி ஒன் என்ற முதல்தர மிளகு. வாடிக்கையாளர் போனில் அந்தப் பொத்தானை அழுத்தும்முன் தரவுத்தளத்தைத் திறந்து பார்ப்பது, சாக்கைக் கொட்டும்முன் உள்ளே கையைவிட்டுப் பார்ப்பது மாதிரி. பெரியவர்கள் யாரும் சொல்லித்தராமலே செய்வார்கள்.

சேமிப்பு பற்றி இன்னும் இரண்டு விஷயம். வட்டின் அளவில் 60 சதவீதம் வரை ஒரு தளம் எடுத்துக்கொள்ளலாம் என்று குரோம் தாராளம் காட்டினாலும், மலிவு போனில் வட்டே நிறைந்திருக்கும். குறைந்த இடமே இருப்பதாக நடிக்கும் வசதி ஸ்டோரேஜ் பகுதியில் உண்டு, அதைப் பயன்படுத்தாமல் ஏற்றக் கூடாது. வேறு தளத்திலிருந்து அனுமதித் தலைப்பு இல்லாமல் எடுத்த படங்களைக் கேஷில் போட்டால், பாதுகாப்புக் காரணத்துக்காக ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 7 எம்பி என்று குரோம் கணக்கில் ஏற்றும். பத்து கேபி ஐகான்கூட ஏழு எம்பிதான். கணக்கு எங்கே உப்பியது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தவர்கள் பலர்.

ஐபோன் தனி உலகம். கிடங்கு முதலாளியின் மகன் அதில்தான் பார்ப்பார். சஃபாரியின் வெப் இன்ஸ்பெக்டரைப் பயன்படுத்த மேக் கணினி வேண்டும். டெவலப் மெனுவில் சர்வீஸ் வொர்க்கர்களுக்கென்று தனி வரிசை உண்டு, ஆனால் குரோமின் அப்ளிகேஷன் பேனலைப் போல எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்துக் காட்டாது. இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோம் என்ற பெயரில் நிறுவினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான். 2020-லிருந்து, ஏழு நாள் பயன்படுத்தாத தளத்தின் சேமிப்பை சஃபாரி துடைத்துவிடுகிறது. முகப்பில் ஐகானாக வைத்தால் அதற்கு விலக்கு. அறிவிப்பு அனுப்பும் உரிமை 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4-ல்தான் கிடைத்தது, அதுவும் முகப்பு ஐகானுக்கு மட்டும். 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் முகப்பு ஐகானைச் செயலியாகத் திறக்கும் வசதியையே எடுத்துவிடப்போவதாக ஆப்பிள் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச் முதல் தேதி பின்வாங்கியது. ஒரு நிறுவனத்தின் மனநிலைக்கு ஏற்ப உங்கள் செயலி இருக்கும் அல்லது இருக்காது என்ற நிலையில், எந்த டிபக்கர் என்ன செய்யும்?

பின்னணி வேலைகளைப் பார்க்க குரோமில் பேக்ரவுண்ட் சர்வீசஸ் என்ற பகுதி இருக்கிறது. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டால் கருவியை மூடிய பிறகும் மூன்று நாள் வரை புஷ், சிங்க் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும். காலத்தைப் பிடிக்க இந்தக் கருவிகளில் எடுக்கப்பட்ட உருப்படியான முயற்சி என்று நான் கருதுவது இதைத்தான். வொர்க்கரின் நிறுவல், காத்திருப்பு, தோல்வி ஆகியவற்றுக்கும் இப்படி ஒரு நாட்குறிப்பு இருந்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

லைட்ஹவுஸ் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. பிடபிள்யூஏவுக்கு மதிப்பெண் போட்ட கருவி அது. அதன் பச்சை வட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரிடம் பணம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். 2024-ல் வந்த 12-ஆம் பதிப்பில் பிடபிள்யூஏ பிரிவையே தூக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, நிறுவுவதற்குச் சர்வீஸ் வொர்க்கர் கட்டாயம் என்ற விதியையும் குரோம் தளர்த்தியிருந்தது. பலர் வருந்தினார்கள், எனக்கு வருத்தமில்லை. அந்த மதிப்பெண் முதல் நாளைத்தான் சோதித்தது. இரண்டாவது பதிப்பு ஏறும் நாளை அது ஒருபோதும் கேட்டதில்லை.

இன்று வொர்க்கரைக் கையால் எழுதுபவர்கள் குறைந்துவிட்டார்கள். கூகுளின் வொர்க்பாக்ஸ் கோப்புப் பட்டியலைத் தானே உருவாக்கிவிடும். வட்டில் இருக்கும் பெயரையே எடுப்பதால் என் சின்ன எழுத்து, பெரிய எழுத்துக் கூத்து அங்கே நடக்காது. கொச்சியிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் தொடங்கிய கொரோனாசேஃப் நெட்வொர்க்கின் கேர் என்ற திறந்த மூல மருத்துவமனை மென்பொருள், எர்ணாகுளம் மாவட்டத்தில் தொற்றுக் காலத்தில் பயன்பட்டு, பிறகு டென்பெட்ஐசியூ திட்டம் வழியாகப் பல மாநிலங்களுக்குப் போனது. அதன் முன்பகுதி ரியாக்டில் எழுதப்பட்டு, வீட் கட்டுமானக் கருவியின் பிடபிள்யூஏ செருகுநிரலோடு கட்டப்படுகிறது. நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, படித்துக் கற்கலாம். அந்தச் செருகுநிரல் எழுதுபவர் முன் வைக்கும் கேள்வியும் பழையதுதான்: புதுப்பதிப்பு வந்தால் தானாக மாற்றவா, பயனரைக் கேட்கவா? ஐசியூ படுக்கையருகே ஒரு நர்ஸ் விவரங்களைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பக்கம் தானாக ரீலோட் ஆவதை நினைத்துப் பார்த்தால், கேட்பதே மேல் என்று தோன்றும். கருவி பட்டியலை உருவாக்கித் தரும், இந்த முடிவை எடுத்துத் தராது.

இன்னொரு பொறி பற்றிச் சொல்லாவிட்டால் குற்றவுணர்வு மிஞ்சும். பதிப்பு எண்ணை வொர்க்கர் கோப்பின் பெயரிலேயே சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வொர்க்கர் தரும் பழைய பக்கம் பழைய பெயரையே பதிவுசெய்துகொண்டிருக்கும், புதுப்பெயர் அந்த போனுக்குத் தெரியவே வராது. ஆகவே பெயரை மாற்றாதீர்கள். தப்பான வொர்க்கர் போய்விட்டால், அதே பெயரில் ஒன்றும் செய்யாத வெற்று வொர்க்கரை ஏற்றி, காத்திருக்காமல் நாற்காலியைப் பிடிக்கச் சொல்வதுதான் மீளும் வழி. அதை முன்கூட்டியே எழுதி ஒரு மூலையில் வைத்திருப்பது தீயணைப்பு வாளி மாதிரி.

படத்தின் பெயரைத் திருத்தி ஏற்றியபின் புதுப்பதிப்பு கணக்குப்பிள்ளை போனில் நிறுவப்பட்டது. இப்போது நிஜமாகவே வெயிட்டிங். அவர் செயலியை மூடும் பழக்கமே இல்லாதவர். நாள்கணக்கில் திறந்தே கிடக்கும், புதுப் பக்கம் எதுவும் திறக்காததால் உலாவி புதுப்பதிப்பு வந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் அபூர்வம். ஒவ்வொரு தடவையும் கேபிளோடு படகேற முடியுமா? எனவே செயலிக்குள்ளேயே ஒரு சிறு பக்கம் சேர்த்தேன். நாற்காலியில் இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார், கேஷில் எத்தனை கோப்பு, இடம் எவ்வளவு மிச்சம், அனுப்பாத எடைகள் எத்தனை, கடைசியாக வந்த பிழை என்ன. டெவ்டூல்ஸில் நான் பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு, ஆனால் டெவ்டூல்ஸ் திறக்காத நேரத்தில் எடுத்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பைத் தேடச் சொல்லும் ஒரு வரியும் சேர்த்தேன். பதிப்புகளுக்கு எண் வைத்தால் போனில் வாசிக்கும்போது மூன்றும் பதின்மூன்றும் குழம்புகின்றன. அதனால் சரக்குப் பெயர்களை வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அழைத்தார்.

"தம்பி, சீட்டுல ஈரப்பதம் கட்டம் வரலையே."

"அந்தப் பக்கத்தத் திறந்து வாசிங்கண்ணே."

"உள்ள ஜாதிக்காய். அனுப்பாதது ரெண்டு. வெளிய..." கண்ணாடியைத் தேடுகிறார் போலிருக்கிறது. "வெளிய கிராம்பு நிக்குது."

"அந்த ரெண்டும் போனதும், எல்லாத்தையும் மூடிட்டுத் திறங்க."

"லாரி நிக்குது. இறக்கிட்டு மூடுறேன். கிராம்பு அதுவரைக்கும் நிக்கட்டும்."